அவசரத்தில் பிறந்த எழுத்து

நிக்கோலோ நிக்கோலி ஒரு புத்தகப் பைத்தியம். ஃபிளாரன்ஸ் வணிகர் வீட்டுப் பிள்ளை. குடும்பச் சொத்தையெல்லாம் பழைய சுவடிகளில் கரைத்தவர். விலைக்குக் கிடைக்காத நூலை இரவல் வாங்கித் தன் கையாலேயே படியெடுத்துக்கொள்வார். 1417-இல் அவருடைய நண்பர் போஜ்ஜோ, ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் காவியத்தை ஒரு மடாலயத்தில் கண்டுபிடித்தார். அதிலிருந்து நிக்கோலி எடுத்த பிரதி இன்றும் ஃபிளாரன்ஸில் இருக்கிறது.

அக்காலத்து அறிஞர்கள் உருண்டையான, ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் ஓர் எழுத்தைக் கொண்டாடினார்கள். அதைப் பண்டைய ரோமானியர் எழுத்து என்று நம்பினார்கள். உண்மையில் அது பேரரசர் ஷார்லமேன் காலத்து எழுத்து. ரோமாபுரிக்கும் அதற்கும் பல நூற்றாண்டு தூரம். அழகுதான். ஆனால் ஓர் எழுத்துக்குள்ளேயே பேனாவை இரண்டு மூன்று முறை தூக்கி வைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படியெடுப்பவருக்குக் கை கடுத்துவிடும். 1420களில் நிக்கோலி அதே எழுத்தைப் பேனா தூக்காமல் ஓட்டிப் பார்த்தார். ஓட்டம் வந்ததும் எழுத்து ஒடுங்கியது. இரண்டடுக்கு 'ஏ' (a) ஒற்றை வயிறாகச் சுருங்கியது. எல்லாம் லேசாக வலப்பக்கம் சாய்ந்தன.

இன்று நாம் இட்டாலிக் என்று சொல்லும் சாய்வெழுத்தின் ஜாதகம் இவ்வளவுதான். வேகம் முதலில் வந்தது, சாய்வு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. கணினியில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் நம் தமிழ் எழுத்து காற்றில் சாய்ந்த பந்தல்கால் மாதிரி நிற்குமே, அதில் எழுத்தின் உடம்பு மாறுவதில்லை. இட்டாலிக்கில் உடம்பே மாறிவிடுகிறது.

ஃபிளாரன்ஸிலிருந்து இந்த எழுத்து ரோமுக்குப் போய், போப்பின் செயலகத்தில் வேலைக்கு அமர்ந்தது. கடிதம் எழுதிக் குவிக்கும் குமாஸ்தாக்களுக்கு இதைவிடத் தோதான கையெழுத்து ஏது? இதற்கு 'கான்செல்லரெஸ்கா' என்ற பெயர் அந்த அலுவலகத்தால் வந்தது. 1501-இல் வெனிஸ் நகரத்துப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸ், ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கிய அச்செழுத்தில் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலைக் கையடக்கப் புத்தகமாக வெளியிட்டார். அதில் சிறிய எழுத்துகள்தான் சாய்ந்திருக்கும். பெரிய எழுத்துகள் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். கொஞ்ச நாளிலேயே பிரான்சின் லியோன் நகரில் இதற்குக் கள்ளப்பதிப்புகள் வந்துவிட்டன.

இந்த எழுத்தைப் பழகுகிறவர்களுக்கு முக்கியமான ஆள் லுடோவிகோ ஆரிகி. போப்பின் செயலகத்து எழுத்தர். 'லா ஓபெரினா' என்ற அவருடைய கையேட்டின் முகப்பில் 1522 என்றிருக்கிறது. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட மெல்லிய புத்தகம். ஒரு தட்டையான தடித்த கோடு, ஒரு கூர்மையான மெல்லிய கோடு: இந்த இரண்டில்தான் எழுத்துகள் தொடங்குகின்றன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

'என்' (n) எழுத்தை எடுத்துக்கொள்வோம். பட்டை நிப்பை நாற்பத்தைந்து பாகையில் பிடித்து ஒரு தண்டு இறக்க வேண்டும். அடிக்கு வந்ததும் பேனாவை எடுக்காமல், வந்த வழியே மேலேறி, பாதி உயரத்தில் வலப்பக்கம் விலக வேண்டும். தண்டுக்கும் கிளைக்கும் நடுவே கூரான ஒரு வெள்ளை இடுக்கு விழும். எழுத்துக்கு உயிர் அந்த இடுக்கில் இருக்கிறது. தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அதே வடிவம் 'யு' (u). அதற்கு மூடி போட்டால் 'ஏ'. ஒன்று கைவந்தால் பாதி நெடுங்கணக்கு கைவந்த மாதிரி.

1527-இல் ரோம் சூறையாடப்பட்ட பிறகு ஆரிகியைப் பற்றிய தடயமே இல்லை. 1560-இல் கிரெஸ்சி என்பவர் பழைய எழுத்தைக் கூர்கூராக இருக்கிறதென்று குறை சொல்லி, உருண்டையாகவும் இழைவாகவும் எழுதிக் காட்டினார். அந்த வழியில் பட்டை முனை கழன்று, அழுத்தினால் விரியும் கூர்முனை வந்தது. நாம் நாலு கோடு நோட்டில் விரல் வலிக்க எழுதிய 'கர்சிவ்' இந்தக் கிளையின் பேத்திதான்.

இட்டாலிக்கைத் திரும்பத் தோண்டி எடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1870களில் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் பழைய கையேடுகளை வாங்கி வைத்துக்கொண்டு பழகினார். எட்வர்ட் ஜான்ஸ்டன் 1906-இல் பாடப்புத்தகமே எழுதினார். கடற்படை அலுவலகத்து ஊழியரான ஆல்ஃபிரட் ஃபேர்பேங்க் 1932-இல் சாதாரண ஜனங்களுக்கான கையேடு போட்டார். மறுபடியும் ஒரு குமாஸ்தா! அமெரிக்காவின் ரீட் கல்லூரியில் லாயிட் ரெனால்ட்ஸும், அவருக்குப் பின் முன்னாள் துறவி ராபர்ட் பல்லடினோவும் கற்பித்தார்கள்.

ஆரிகியின் வடிவம் படிந்த பிறகு அதை எப்படிக் கலைப்பது என்பதுதான் இன்று பழகுகிறவர்களின் கேள்வி. வழக்கமாகச் சிறிய எழுத்தின் உயரம் நிப்பு அகலத்தைப் போல ஐந்து மடங்கு. அதே நிப்பில் உயரத்தை மூன்று மடங்காகக் குறைத்தால் எழுத்து கருத்து, மழை மேகம் போலக் கனக்கும். எட்டு மடங்காக்கினால் நாணல். கிளையை இன்னும் கீழிருந்து பிரித்தால் எழுத்துக்கு ஒரு துடுக்கு வரும், மேலேற்றினால் சாந்தமாகிவிடும். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நான் ஆரம்பத்தில் உயரம், சாய்வு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரே வரியில் மாற்றினேன். பார்த்தவர்கள் 'ஸ்டைலா இருக்கே' என்றார்கள். எனக்குத்தான் எது நன்றாக வந்தது, எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த படி பேனாவையே மாற்றுவது. கூல்டிரிங்க்ஸ் டின்னைக் கத்தரித்து, தகட்டை இரண்டாக மடித்து, ஓரத்தை வளைவாக வெட்டி ஒரு குச்சியில் கட்டினால் அது கோலா பேனா. மடிப்பின் நடுவே மை தேங்கும். நுனியால் எழுதினால் மயிரிழை. படுக்க வைத்தால் விரல் தடிமனில் பட்டை. அதை மெதுவாக ஓட்டினால் மை குளம் கட்டிவிடும், வீசித்தான் எழுத வேண்டும். வீசினால் கால்வாசி எழுத்து பொட்டுப் பொட்டாகத் தெறித்துவிடும். தெறித்தாலும் தண்டின் நடுவிலிருந்து கிளை பிரிவது தெரிந்தால் அது இட்டாலிக். போன வாரம் இருபது தாள் எழுதினேன், இரண்டு தேறின. மீதியில் அவசரத்தில் கிளை உச்சியிலிருந்தே கிளம்பியிருந்தது.