கரையில்லாத துணி: வியூயார், மத்தீஸ், சீட்டி

ஓவியத்தில் வரும் துணியைப் பின்னணி என்று ஒதுக்குவது கலை விமர்சனத்தின் பழைய வழக்கம். முகத்தையும் கையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர், திரைச்சீலைக்கு வந்ததும் ‘அலங்காரம்’ என்ற ஒரே சொல்லோடு நகர்ந்துவிடுவார். எதுவார் வியூயார் (1868–1940), ஆன்ரி மத்தீஸ் (1869–1954) ஆகிய இரு பிரெஞ்சு ஓவியர்களிடம் இந்தச் சொல் செல்லாது. அவர்கள் படங்களில் வெளியின் அமைப்பைத் தீர்மானிப்பதே துணிதான். துணியோடு இருவருக்கும் இருந்த பழக்கம் வேறு. அதனால் வெளியும் வேறாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வியூயாரின் தாய் வீட்டிலேயே தையற்கூடம் நடத்தியவர். கத்தரித்த துண்டுகளும் ஊசியும் நூலும் கிடந்த அறைகளில் வளர்ந்த மகன், 1928இல் தாய் இறக்கும்வரை அவரோடேயே வாழ்ந்தார். தாயையும் சகோதரியையும் அவர் 1893இல் தீட்டிய படம் இரண்டடி அகலம்கூட இல்லை. கறுப்புடையில் தாய் முழங்கால்மேல் கைகளை ஊன்றி அழுத்தமாக அமர்ந்திருக்கிறார். கட்டம்போட்ட உடையணிந்த மகளோ சுவரோடு ஒட்டி, தலை சட்டத்தில் இடித்துவிடுமோ என்பதுபோலக் குனிந்து நிற்கிறார். சுவர்த்தாளின் புள்ளிகளும் உடையின் கட்டங்களும் ஒன்றையொன்று விழுங்குகின்றன. பெண் எங்கே முடிகிறார், சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறுகிறது. அந்த வீட்டின் இறுக்கத்தைச் சொல்ல முகபாவம் தேவைப்படவில்லை. கோலங்களின் நெருக்கமே போதுமாயிற்று.

மத்தீஸ் வளர்ந்தது வட பிரான்சின் போஅன் என்ற நெசவூரில். அவர் முன்னோரில் நெசவாளர்கள் உண்டு. வெட்டித் தைக்கும் துண்டு வியூயாருடையது என்றால், தறியிலிருந்து நீளமாக இறங்கும் துணி இவருடையது. 1900களின் தொடக்கத்தில் பாரிசில் பழைய நீலப்பூத் துணி ஒன்றை வாங்கினார். ‘ழூய் துணி’ என்றே அதை அழைப்பர். பூக்கூடைகளும் சுருள்கொடிகளும் கொண்ட அத்துணி அவருடைய பல படங்களில் வருகிறது. 1908இன் ‘சிவப்பில் இசைவு’ என்ற பெரிய ஓவியத்தில் அது உச்சத்தை எட்டுகிறது.

முதலில் நீலத்தில் தீட்டிய அப்படத்தை அதே ஆண்டில் அவரே சிவப்பாக்கினார். துணியின் வடிவத்தைப் பெரிதாக்கி, மேசைவிரிப்பிலும் சுவரிலும் ஒரேபோலப் படரவிட்டார். பழத்தட்டைச் சரிசெய்யும் பணிப்பெண்ணுக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா, விரிப்புத்தான் மேலேறிவிட்டதா என்று ஐயம் எழுகிறது. மேசை விளிம்பைக் காட்டுவது மெல்லிய கோடு மட்டுமே. விரிப்பு தொங்கும் இடத்தில் மடிப்பு இல்லை, நிழல் இல்லை. சேலை பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு இது உடனே பிடிபடும்: உடல் உண்டு, கரை இல்லை. பச்சைத் தோட்டம் தெரியும் சன்னலைத்தான் கரை என்று சொல்லலாம். அதுவும் சுவரில் மாட்டிய இன்னொரு படம்போல் தட்டையாகவே இருக்கிறது. மறுமலர்ச்சிக் காலம் முதல் ஐரோப்பிய ஓவியம் பேணிவந்த ஆழத்தை ஒரு மேசைவிரிப்பு கலைத்துப்போட்டது.

வெறும் அழகூட்டல் இது என்ற எதிர்வாதம் அன்றும் இருந்தது. ஆனால் 1908இன் இலையுதிர்காலக் கண்காட்சியில் அப்படத்தை ‘உணவறைக்கான அலங்காரப் பலகை’ என்று மத்தீசே காட்சிக்கு வைத்தார். அலங்காரம் இழிசொல்லாக அவருக்குப் படவில்லை. அதை இழிசொல்லாக்கியதில் ஆண் மேட்டிமையும் மேற்கத்திய மேட்டிமையும் கலந்திருப்பதை ஜாய்ஸ் கோஸ்லாஃப், வலரி ஜோடான் என்ற பெண் ஓவியர்கள் 1978இல் ஒரு கட்டுரையில் அடுக்கிக் காட்டினர்.

மத்தீசின் அந்த நீலப்பூத் துணிக்கும் ஒரு வரலாறு உண்டு. விமர்சகர்கள் அதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றனர். நாம் கடக்கக் கூடாது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சீட்டித் துணிகள் பிரான்சை மயக்கின. உள்நாட்டு நெசவாளர்களைக் காக்க 1686இல் அரசு அவற்றைத் தடைசெய்தது. இறக்குமதி, உள்நாட்டுப் பிரதி இரண்டுமே குற்றமாயின. 1759இல் தடை நீங்க, மறு ஆண்டே ழூய் ஊரில் ஒபெர்காம்ப் என்பவர் தன் துணி அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். மத்தீசின் துணி சீட்டியின் நேர்வாரிசு என்பது மிகை. பூவும் கூடையும் பிரெஞ்சு ரசனைக்கு மாறியவை. ஆனால் துவைத்தாலும் போகாத சாயத்தில் பருத்தித்துணி முழுவதும் கொடி படரவிடும் பழக்கத்தைப் பிரெஞ்சு அச்சுக்கூடங்கள் இந்தியத் துணிகளைப் பார்த்தே கற்றன. கடுக்காய், படிகாரம், சாயவேர் என்று நம் கைவினைஞர் படிப்படியாகக் கையாண்ட நுட்பத்தைப் பிரெஞ்சுக்காரர் இங்கே வந்து குறிப்பெடுத்தனர். தடை நடப்பில் இருந்தபோதே, 1734 வாக்கில், பொலியே என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு வெட்டி வாங்கித் தன் குறிப்பேட்டோடு சேர்த்துவைத்தார். அந்தக் குறிப்பேடு பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் இருக்கிறது.