சிறுநீரகம் பழுதானால் ஈரலும் பாதிக்கும்: மூலிகைச் சாறு காக்குமா?

செங்கமாரி என்றால் கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடிப்பது எங்கள் ஊர்களில் இன்றும் உள்ள வழக்கம். ஈரலுக்கு நல்லது என்ற நம்பிக்கையில் சிறுநீரக நோயாளர் சிலரும் மூலிகைச் சாறுகளைக் குடிக்கிறார்கள். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் நிலையில், இந்த நம்பிக்கையை நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

ஈரல் பாதிக்கப்படுவது எப்படி?

கடும் நீரிழப்பு, குருதிப்பெருக்கு, எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, இடிபாடுகளுக்குள் தசை நசுங்குதல் போன்றவற்றால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். அப்போது கழிவுகள் குருதியில் தேங்குகின்றன. காயமடைந்த சிறுநீரகத்திலிருந்து அழற்சியைத் தூண்டும் பதார்த்தங்களும் குருதியில் கலந்து ஈரலை அடைகின்றன. அங்கே ஈரற் கலங்களைப் பாதுகாக்கும் குளுட்டாதயோன் குறைகிறது. கலங்கள் சிதைவதால் ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. ஆகிய நொதியங்களின் அளவு குருதியில் உயர்கிறது.

எலிகளில் கண்டது

ஆய்வுகூடங்களில் எலியின் சிறுநீரக நாடியைச் சிறிது நேரம் அடைத்துவைத்து, பின்னர் குருதியோட்டத்தை மீள விடுவார்கள். சில மணித்தியாலங்களில் ஈரலிலும் பாதிப்புத் தெரியும். ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் தாவரச் சாறுகள் கொடுக்கப்பட்ட எலிகளில் இப்பாதிப்புக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் இவ்வாய்வுகளில் பெரும்பாலும் சிறுநீரகம் பாதிக்கப்படும் முன்பே எலிக்குச் சாறு கொடுக்கப்படுகிறது. மனிதரோ சிறுநீர் குறைந்து, கால் வீங்கிய பின்னரே வைத்தியசாலைக்கு வருகிறார். ஆய்வுகூடத்தில் அளந்து கொடுக்கும் சாறும் வீட்டு அம்மியில் அரைப்பதும் ஒன்றல்ல.

மனிதரில் சோதித்தபோது ஆரம்ப நம்பிக்கை நிலைக்காமல் போனதும் உண்டு. 1988இல் லான்செட் இதழில் வெளியான சென்னை ஆய்வொன்றில், ஹெபடைடிஸ் பி வைரசைக் காவிய 37 பேருக்குக் கீழ்க்காய்நெல்லி கொடுக்கப்பட்டது. 22 பேரின் குருதியில் வைரசின் அடையாளப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அது மறைந்தது. பின்னர் பிற நாடுகளில் நடந்த பரிசோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

சிறுநீரகத்தைக் கெடுக்கும் மூலிகைகள்

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலியச் சீன மூலிகைக் கலவை உட்கொண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அதற்குக் காரணமான அரிஸ்டோலோக்கிக் அமிலம் எமது நாட்டு வைத்தியத்தில் அறியப்பட்ட ஈச்சுரமூலியிலும் உண்டு. காமரங்காச் சாற்றிலுள்ள ஒட்சலேற்றுச் சிறுநீரகத்தைச் சேதப்படுத்தும். இலங்கை வைத்தியர்களும் இத்தகைய நோயாளர்களைப் பதிவுசெய்துள்ளனர். வாழைத்தண்டுச் சாறு, இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் நலிந்தவரின் குருதியில் அது தேங்கினால் இதயத்துடிப்பே குழம்பலாம்.

என்ன செய்யலாம்?

குடிக்கும் மூலிகையின் பெயரை, முடிந்தால் போத்தலையே, கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். சித்த வைத்தியரிடம் போனால் உங்கள் கிரியற்றினின் அளவைச் சொல்லுங்கள். வைத்தியசாலை மருந்தை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறாதீர்கள். சிறுநீர் குறைதல், முகம் அல்லது கால் வீங்குதல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், சாற்றைக் குடித்துப் பார்ப்போம் என்று நாள் கடத்தாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.