சிப்பியின் பிறவிக் காவல்

சிப்பியின் இதயத்துக்குள் கறுப்பு மையைச் செலுத்தினால் என்ன நேரும்? வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக் கழக விலங்கியலறிஞர் லெஸ்லி ஸ்டாபர் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதைப் பற்றியதே. மையிலிருந்த கரித்துகள்களைச் சிப்பியின் குருதியணுக்கள் விழுங்கின. விழுங்கியதோடு நிற்கவில்லை. துகள்களைச் சுமந்தவாறே ஊர்ந்து, உடலின் மேற்படலத்தைக் கடந்து வெளியேறின. குப்பையை வாரியவன் அதனோடு தானும் வீட்டைவிட்டே போய்விடுவது போன்ற செயல் இது!

அந்நியப் பொருளை அணுக்கள் சூழ்ந்து கொள்வதை மெச்னிக்காஃப் 1882ஆம் ஆண்டிலேயே இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளம் பருவத்தில் கண்டிருந்தார். நமக்கு இக்காவலுக்கு மேல் இன்னொன்றும் உண்டு. ஒருமுறை வந்த கிருமியை நினைவிற் கொண்டு, நம் உடல் அதற்கென்றே எதிர்ப்பொருள் ஆக்குகிறது. அம்மை குத்திக்கொள்வதன் பயன் இதுவே. சிப்பிக்கு எதிர்ப்பொருள் கிடையாது. ஓயாமல் கடல்நீரை வடிகட்டி உண்ணும் அவ்வுயிருக்குப் பிறவிக் காவல் ஒன்றே துணை. அது போதுமா?

கடலே சோதனை வைத்தது. டெலவேர் விரிகுடாக் கரையில் பைவால்வ் என்று ஓர் ஊர் உண்டு. இரட்டை ஓடுடைய உயிர் என்பதே அப்பெயரின் பொருள். சிப்பியே அப்பகுதியின் வாழ்வு. 1957ஆம் ஆண்டு இளவேனிலில் அந்த விரிகுடாவில் ஒரு கொள்ளைநோய் புகுந்தது. காரணமான ஒட்டுண்ணி இன்னதென்று தெரியாமையால் அறிஞர் அதனை எம்.எஸ்.எக்ஸ். எனக் குறித்தனர். இரண்டே ஆண்டுகளில் விரிகுடாவின் கீழ்ப்பகுதியில் வளர்க்கப்பட்ட சிப்பிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்தன. அவ்வொட்டுண்ணி பசிபிக் கடற்சிப்பியிலும் இருப்பதை 2000ஆம் ஆண்டில் மரபுப்பொருள் ஒப்பீடு காட்டியது. அட்லாண்டிக் சிப்பியின் முன்னோர் கண்டிராத பகை!

மற்றவர்கள் மாண்டவற்றை எண்ணினார்கள். ரட்கர்ஸைச் சேர்ந்த ஹரால்டு ஹாஸ்கின் பிழைத்தவற்றைப் பார்த்தார். அவற்றை இனப்பெருக்கம் செய்வித்து, குஞ்சுகளை நோயுள்ள நீரிலேயே விட்டார். அங்கும் தப்பியவற்றை மீண்டும் தேர்ந்தெடுத்தார். தலைமுறைதோறும் தாங்கும் ஆற்றல் பெருகியது. பட்டுத் தெளிந்த அறிவன்று அது. பிறப்பிலேயே அமைந்த வேற்றுமை. அவர் இதைச் செய்தது பெரிதென்று நான் கருதுகிறேன்.

அணுவுக்குள் இக்காவலை ஏவுவது எது? பசிபிக் சிப்பியில் ரெல் என்னும் வகைப் புரதம் ஒன்று இருப்பதை 2004ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். ஈயிலும் மனிதனிலும் இவ்வகைப் புரதம் அமைதிக் காலத்தில் அணுக்கருவுக்கு வெளியே கட்டுண்டு கிடக்கும். கிருமி வந்த செய்தி எட்டியதும் கட்டு அறும். புரதம் உட்புகுந்து, உறங்கும் காவல் மரபணுக்களை எழுப்பும். இதே குடும்பத்துப் புரதம் சிப்பியிடமும் உண்டென்றால், அதனைத் தாழ்ந்த உயிரென்று நாம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

2012ஆம் ஆண்டில் பசிபிக் சிப்பியின் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியாயிற்று. அதில் ஏறத்தாழ 28,000 மரபணுக்கள். இடுக்கண் நேரும்போது அணுக்கள் தாமே மடிந்து போகாமல் தடுக்கும் ஒருவகை மரபணு மனிதனிடம் எட்டு, சிப்பியிடம் நாற்பத்தெட்டு.