துடைக்க முடியாத உத்தரவுகள்

1996-இல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0 சர்வரோடு ‘சிஸ்டம் பாலிசி எடிட்டர்’ என்றொரு சின்னக் கருவி கிடைத்தது. திறந்தால் விதிகளின் பட்டியல். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். டிக் போட்டால் விதி அமலாகும். வெள்ளையாக விட்டால் விதி நீக்கப்படும். சாம்பல் நிறமாக இருந்தால், கணினியில் ஏற்கெனவே உள்ளதைத் தொடாதே என்று பொருள். நிர்வாகிகள் இடறிய இடம் அந்த வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவில்தான்.

விதிகளெல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்து, டொமைன் கன்ட்ரோலரின் ‘நெட்லாகான்’ பகிர்வில் உட்கார்ந்திருக்கும். யாராவது லாகின் செய்தால் அவருடைய கணினி அந்தக் கோப்பைப் படித்து, தன் ரிஜிஸ்ட்ரியில் எழுதிக்கொள்ளும். ஸ்டார்ட் மெனுவில் ‘ரன்’ தெரியக் கூடாது என்று ஒரு விதி போட்டதாக வைத்துக்கொள்வோம். பிறகு மனம் மாறிக் கோப்பையே அழித்தாலும் ‘ரன்’ திரும்பி வராது. எழுதியது எழுதியதுதான். கட்டத்தைச் சாம்பலாக்கினாலும் பயனில்லை. வெள்ளையாக்கிச் சேமித்து, எல்லோரும் ஒருமுறையாவது லாகின் செய்யும்வரை காத்திருக்க வேண்டும். நீண்ட விடுப்பில் போனவரின் கணினியில் பழைய உத்தரவு அப்படியே கிடக்கும். நிர்வாகிகள் இதைப் பச்சை குத்துதல் என்றே சொன்னார்கள். பச்சை குத்தியதைத் தேய்த்துக் கழுவினால் போய்விடுமா?

வலையமைப்பில் உள்ள ஆட்களையும் கருவிகளையும் ஒரே கோப்பகத்தில், கிளை கிளையாக வைக்கலாம் என்ற எண்ணம் என்.டி. 4.0-வுக்கும் மூத்தது. எக்ஸ்.500 தரநிலை 1988-இல் வந்தது. அதன் கனத்தைக் குறைத்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹவ்ஸும் கூட்டாளிகளும் எல்டாப் நெறிமுறையை 1993-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு நோவெல் நிறுவனம் நெட்வேர் 4-இல் தன் டைரக்டரியைக் கொண்டுவந்தது. ஆனால் என்.டி. டொமைனில் கிளைகளே கிடையாது. எல்லாக் கணக்குகளும் ஒரே தட்டையான பட்டியலில்தான்.

2000 பிப்ரவரி 17 அன்று விண்டோஸ் 2000 வெளியானபோது ‘ஆக்டிவ் டைரக்டரி’யும் ‘குரூப் பாலிசி’யும் சேர்ந்தே வந்தன. பளிச்சென்று கண்ணில் பட்டது கிளைகள் கொண்ட மரம். அதைவிடப் பெரிய மாற்றம் ரிஜிஸ்ட்ரிக்குள் நடந்தது. பாலிசிகளுக்கென்று தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒரு விதியை விலக்கினால், அடுத்த புதுப்பிப்பில் கணினி அந்த இடத்தைத் தானே துடைத்துக்கொள்ளும். எந்த விதி எங்கிருந்து வந்தது என்பது கணினிக்கே நினைவிருக்கும். இவ்வளவு அடக்கமாக நடந்த இந்த வேலைக்கு உரிய பாராட்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

புதுப்பிப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. சாதாரணக் கணினிகளும் சர்வர்களும் 90 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுப் பார்க்கும். எல்லாம் ஒரே நேரத்தில் மொய்க்காமலிருக்க 30 நிமிடம்வரை கூடுதலாகத் தள்ளிவிடுவார்கள். டொமைன் கன்ட்ரோலர்களுக்கு 5 நிமிடம்தான். விதிகள் அமலாவதற்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் கணினியின் சொந்த விதி, பிறகு தளம், பிறகு டொமைன், கடைசியில் கிளை. கடைசியாக வருவது வெல்லும்.

சர்வர்களுக்கு இந்த வரிசை மிகவும் பொருந்தியது. விண்டோஸ் சர்வர் 2003-க்கான பாதுகாப்புக் கையேடு, எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவாக ஓர் அடிப்படைப் பாலிசியும், அதன்கீழ் ஃபைல் சர்வருக்கு ஒரு கிளை, பிரின்ட் சர்வருக்கு ஒரு கிளை, வெப் சர்வருக்கு ஒரு கிளை என்று தனித்தனிப் பாலிசிகளும் அமைக்கச் சொன்னது. ஒரு சர்வரைக் கிளை மாற்றி வைத்தாலே போதும், அதன் விதிகளும் மாறிவிடும்.

ஆனால் பச்சை இன்னொரு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் டெஸ்க்டாப்ஸ்டாண்டர்ட் நிறுவனத்தை வாங்கி, அதன் தொழில்நுட்பத்தை விண்டோஸ் சர்வர் 2008-இல் ‘பிரிஃபரன்ஸஸ்’ என்று சேர்த்தது. இதில் போட்ட அமைப்பு, பாலிசியை விலக்கினாலும் நிற்கும். விலகும்போது அழி என்று தனியாக ஒரு டிக் போட்டாலொழிய அழியாது. எல்லாச் சர்வர்களிலும் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் பாஸ்வேர்டை ஒரே சொடுக்கில் மாற்றவும் முடிந்தது. அந்தப் பாஸ்வேர்டு ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் பூட்டிய நிலையில், ‘சிஸ்வால்’ பகிர்வில் இருந்தது. டொமைனில் கணக்குள்ள எவரும் அந்தப் பகிர்வைப் படிக்கலாம். பூட்டின் சாவியோ மைக்ரோசாஃப்டின் சொந்த ஆவணத்திலேயே அச்சாகியிருந்தது. புதிதாகச் சேர்ந்த கடைநிலை ஊழியரின் கணக்கே போதும், சர்வர்கள் அனைத்தின் கதவும் திறக்கும்.

2014 மே மாதம் எம்எஸ்14-025 என்ற திருத்தம் வந்தது. இனிமேல் பாஸ்வேர்டை இப்படி எழுத முடியாதபடி அது தடுத்தது. முன்பே எழுதிவைத்த கோப்புகளை அது தொடவில்லை. அவற்றைத் தேடி அழிப்பது நிர்வாகிகளின் வேலையாயிற்று. மறு ஆண்டு வந்த ‘லாப்ஸ்’ ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டை உருவாக்கி, டைரக்டரியிலேயே காவலோடு வைத்தது. இருந்தும், பழைய டொமைன் ஒன்றைச் சோதிக்க வருபவர்கள் இன்றும் முதல் வேலைகளில் ஒன்றாகச் செய்வது, சிஸ்வாலுக்குள் போய், பூட்டிய பாஸ்வேர்டைக் குறிக்கும் ‘சிபாஸ்வேர்டு’ என்ற சொல்லைத் தேடுவதுதான்.