ஒஷாவா: இணையரின் ஏரிக்கரை

ஒஷாவா, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ நகர மையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் அமைந்த நகரம். 2021-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கு வாழ்வோர் 1,75,383 பேர். அனிஷினாபே மொழியிலிருந்து வந்த அதன் பெயருக்கு, ஓடத்தை விட்டிறங்கி நடைபாதையைப் பிடிக்கும் கடவை என்று பொருள் சொல்வதுண்டு. நாடறிந்தது இங்குள்ள கார்த் தொழிற்சாலைதான்; காதலர் உலாவும் ஊர் எது என்று கேட்டால் ஒஷாவாவின் பெயர் எவர் வாயிலும் முதலில் வராது. அந்தப் புறக்கணிப்பு நியாயமற்றது. இருவர் சேர்ந்திருக்க இங்கு அமைந்த இடங்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையின் செல்வத்தில் பிறந்து பொதுவுக்கு வந்து சேர்ந்தவை. ஆகவே அவை உல்லாசப் பயணிக்காகக் காத்திருப்பவை அல்ல. வேலை முடிந்து வருகிறவரின் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவை. இல்லறத்தில் அன்பு தழைப்பதற்கு அந்த அருகாமை பெரிய துணை.

கரையோர நகரக் காதல் என்றால் பலருக்கும் மொரோக்கோவின் எஸ்ஸவீரா போன்ற ஊர்களே கண்முன் வரும். அட்லாண்டிக் கரையில் 18-ஆம் நூற்றாண்டில் சுல்தான் மூன்றாம் முகம்மது கட்டிய அந்த நகரின் பழைய பகுதி 2001-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மாலையில் இணையர் சாய்ந்து நின்று கடல் பார்க்கும் அதன் கொத்தளத்தில் இன்றும் பீரங்கிகள் வரிசையாக நிற்கின்றன. துறைமுகத்தைக் காக்க எழுப்பிய மதில் அது. எஸ்ஸவீராவின் அழகுக்கு ஒஷாவா ஈடாகாது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காதலுக்கென்று கட்டப்படாத இடமே காலப்போக்கில் காதலரின் இடமாகிறது என்பதற்கு அந்த மதிலே சாட்சி. அங்கே துறைமுக வணிகமும் பீரங்கியும் செய்த வேலையை இங்கே ஆலை செய்தது.

மக்லாக்லின் குடும்பத்தாரின் குதிரைவண்டித் தொழிலகம் 1907-இல் கார் கட்டத் தொடங்கி, 1918-இல் ஜெனரல் மோட்டர்ஸின் கனடிய நிறுவனமாயிற்று. தெற்கே ஏரியோரத்தில் உள்ள லேக்வியூ பூங்கா 1920-இல் அந்த நிறுவனத்திடமிருந்து நகருக்கு வந்தது. கனடாக் கூட்டமைப்பின் அறுபதாம் ஆண்டான 1927-இல் அதே பூங்காவில் ஜூபிலி மண்டபம் எழுந்தது. நடன இசைக்குழுக்களின் காலத்தில் ஆணும் பெண்ணும் சோடியாக ஆட வந்த கூடம் அது; பின்னாளில் விருந்து மண்டபமாயிற்று. பூங்காவின் உண்மையான செல்வம் அதன் திசையில் இருக்கிறது. கரை தெற்கு நோக்கியது. கோடையில் சூரியன் வடமேற்கே, நிலத்துக்குப் பின்னால் மறைகிறது. ஏரியில் சூரியாஸ்தமனம் பார்க்க வந்தவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் அதே கோடையில் பௌர்ணமி நிலவு தென்கிழக்கே, நேராக நீருக்கு மேலே எழுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் வெளிச்சம் மங்கும் வேளைக்கு மணற்கரையில் போய் அமர்ந்தால் போதும். நீர்ப்பரப்பின் மீது நிலவொளி தடம் போட்டுக்கொண்டு காலடி வரை வரும். இதற்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. நாட்காட்டியைப் பார்த்தால் போதும்.

ஊருக்குள் இருக்கும் பார்க்வூட் மாளிகை வேறு வகையானது. கார் நிறுவனத்தை நடத்திய சாமுவேல் மக்லாக்லினும் 1898-இல் அவரை மணந்த அடலெய்ட் மோப்ரேயும் தங்கள் ஐந்து பெண்மக்களோடு வாழ்ந்த வீடு அது; 1915-க்கும் 1917-க்கும் இடையில் கட்டப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அறைகளும் உள்ளரங்க நீச்சல்குளமும் உண்டு. 1930-களில் ஜோன் லைல் வடிவமைத்த நீள்குளத் தோட்டம் திருமணப் படப்பிடிப்புக்கு இன்றும் இணையரை இழுக்கிறது. 1989-இல் இது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஒரு முதலாளியின் மாளிகையைக் காதலின் இடமாகக் கொண்டாடலாமா என்ற கேள்வி நியாயமானது. 1937 ஏப்ரலில் இதே ஊரில் ஆயிரக்கணக்கான கார் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்துதான் தங்கள் சங்கத்துக்கு இடம் பெற்றார்கள். அந்த வரலாற்றை விட்டுவிட்டுத் தோட்டத்தை மட்டும் இரசிப்பது அரைப்பார்வை. ஆனாலும் அவர்களின் உழைப்பும் சேர்ந்து எழுப்பிய தோட்டத்தில் அவர்களின் பேரப்பிள்ளைகள் கைகோத்து நடப்பது, பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

றொபேர்ட் மக்லாக்லின் கலைக்கூடம்தான் என் கணிப்பில் நகரின் மிக ஆழமான காதல் இடம். ஓவியர் அலெக்ஸாண்ட்ரா லூக்கும் அவருடைய கணவர் யூவர்ட் மக்லாக்லினும் கொடுத்த பொருளாலும் ஓவியங்களாலும் 1967-இல் உருவானது அது. கணவரின் பாட்டனார் பெயரைத் தாங்கினாலும் அதன் உயிர் மனைவியின் கலை. கனடாவில் அரூப ஓவியத்துக்கு வழிதிறந்த ‘பெயின்ட்டர்ஸ் இலெவன்’ குழு 1953-இல் கூடியது லூக்கின் ஏரிக்கரை ஓவியக்கூடத்தில். கலைக்கூடம் தோன்றிய அதே ஆண்டில் அவர் மறைந்தார். ஆர்தர் எரிக்சன் வடிவமைத்து 1987-இல் விரிவுபெற்ற அதன் அறைகளில், உருவமில்லாத வண்ணங்களின் முன் நின்று இது என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் இருவர், வீட்டில் பேசாத பேச்சைப் பேசத் தொடங்குவார்கள்.

ஜூனில் ஒஷாவா பள்ளத்தாக்குத் தாவரத் தோட்டத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பியோனி மலர்கள் பூக்கும். அவை நிலைப்பது சில வாரங்களே. நகர மையத்திலிருந்து சிற்றாற்றின் ஓரமாகவே ஏரிவரை நடக்கப் பாதையும் உண்டு. கரையின் கிழக்கே நூற்றிருபது ஹெக்டேருக்கும் மேற்பட்ட செக்கண்ட் மார்ஷ் சதுப்புநிலம். ஏரியைத் தாண்டி வடக்கே போகும் பறவைகள் மே மாதத்தில் அங்கே இறங்கும்.

தமிழ் வாசகரிடமிருந்து எழக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் தனியே உலாவப் போவது நம் வழக்கமா, பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போவதுதானே முறை என்பார்கள். கூட்டமாகப் போவதன் இனிமையை யாரும் குறைக்கவில்லை. ஆனால் இணையர் கரைக்குப் போவது நமக்குப் புதிதுமல்ல. சிலப்பதிகாரத்தில் புகார்க் கடற்கரைக்குப் போன கோவலனும் மாதவியும் ஒருவர் பாட்டை மற்றவர் தவறாகக் கேட்டுப் பிரிந்தார்கள். கரை என்பது கேட்கும் இடம், தவறாகக் கேட்டால் வாழ்வே திசைமாறும் இடம் என்று அந்தக் காப்பியம் அறிந்திருந்தது. நெய்தல் திணைக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்ததும் இதே மரபுதான். 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தவர்களில் பலர் இரங்கலை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர். ஒருவர் முன்னே வந்து, அகதி விண்ணப்பமும் ஸ்பொன்சர் கடிதமும் முடியும்வரை மற்றவர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார். சேர்ந்த பிறகும் ஒருவருக்குப் பகல் ஷிஃப்ட், மற்றவருக்கு இரவு ஷிஃப்ட். ஸ்காபரோவிலிருந்து கிழக்கே ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா என நகர்ந்து வீடு வாங்கியவர்களுக்கு வீட்டுக்கடனும் நெடுஞ்சாலைப் பயணமும் கூடின. இவர்களுக்கு மொரோக்கோ போகும் இரண்டு வாரத்தைவிட, வாரத்தில் ஒரு மாலை ஏரியோரம் கிடைக்கும் நாற்பது நிமிடமே எட்டக்கூடியது. பெரிய பயணம் நினைவாகத் தங்கும். சிறு நடை வழக்கமாகும். பேச்சு விட்டுப்போன வீட்டுக்கு வேண்டியது வழக்கமே.

குளிர் இருக்கிறதே என்பது கடைசி மறுப்பு. ஆண்டின் ஐந்து மாதம் இங்கே காற்று கன்னத்தை அறுக்கும் என்பது உண்மை. ஆனால் 244 மீட்டர் ஆழமுள்ள ஒன்ராறியோ ஏரி முழுவதுமாக உறைவது மிக அரிது. கரையில் பனிக்கட்டி மேடு கட்டி நிற்க, அதற்கப்பால் நீர் ஆவி விட்டுக்கொண்டு அசையும். கோடையில் நிலத்துப் பக்கம் ஒளிந்துகொண்ட சூரியன் மார்கழியில் தென்கிழக்கே ஏரியிலேயே எழுகிறது, தென்மேற்கே ஏரியிலேயே விழுகிறது. மாலை ஐந்து மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். காரை லேக்வியூ பூங்காவில் நீரைப் பார்த்து நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தேநீரை ஒரே மூடியில் மாறிமாறிக் குடிப்பதற்கு அந்த நேரம் போதும்.