இரண்டாவது நாற்காலி

பள்ளிக்கூடத்தில் அசிஸ்டென்ட் ஹெட்மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். நினைவிருக்கிறதா? பெல் நேரத்துக்கு அடித்ததா, எட்டாம் வகுப்பில் ஏன் இத்தனை சத்தம், மழைக்கு ஒழுகும் ஓட்டை மாற்றியாச்சா என்று அத்தனையும் அவர் தலையில்தான் விடியும். ஆண்டு விழா மேடையில் மாலை மட்டும் ஹெட்மாஸ்டர் கழுத்துக்கு.

அமெரிக்கக் கல்லூரிகளின் பேஸ்பால் அணிகளில் அசிஸ்டென்ட் கோச் என்பவர் கிட்டத்தட்ட இந்த ரகம். பையன்கள் கேட்ச் பழக ஆயிரம் முறை பந்தை அடித்துக் கொடுப்பார். பேட்டிங் பழகத் தோள்பட்டை கழலுகிற வரை பந்து வீசுவார். மேட்ச் நடக்கும்போது முதல் பேஸுக்கோ மூன்றாவது பேஸுக்கோ பக்கத்தில், கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ‘ஓடு, நில்லு’ என்று சைகை காட்டுவார். ஜெயித்தால் தலைமைக் கோச்சின் படம் பேப்பரில் வரும்.

சம்பளம்? நல்ல கேள்வி. என்.சி.ஏ.ஏ. என்கிற தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதல் டிவிஷன் பேஸ்பாலில் ‘வாலன்டியர் கோச்’ என்றே ஒரு பதவி இருந்தது. வேலை உண்டு, சம்பளம் கிடையாது. கல்லூரியே ஆசைப்பட்டாலும் கொடுக்கக் கூடாது என்று விதி! கேஸ் மேல் கேஸ் விழுந்த காலத்தில், 2023 ஜூலையில்தான் அந்தப் பதவியைத் தூக்கினார்கள்.

பெரிய பணமும் இல்லாத, பெரிய புகழும் இல்லாத இந்த இரண்டாவது நாற்காலியில் 1990களில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். பெயர் ஜூலி குரோட்டோ. அந்த நாற்காலிக்கு வர அவர் ஏறிய படிகள் இருக்கிறதே, அது பெரிய கதை.

அமெரிக்காவில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. பையன் என்றால் பேஸ்பால். பெண் என்றால் சாஃப்ட்பால். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சாஃப்ட்பாலில் பந்து பெரிசு, மைதானம் சின்னது. பேஸ்பாலில் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. சாஃப்ட்பாலில் 60 அடி. பந்தைக் கையைக் கீழே சுழற்றித்தான் வீச வேண்டும். இதில் பழகியவர் அதில் போய் நிற்பது லேசில்லை.

யார் போட்டது இந்தக் கோடு? 1972ல் நியூஜெர்ஸியின் ஹோபோக்கன் ஊரில் மரியா பெப்பே என்கிற சிறுமி, பையன்களோடு லிட்டில் லீக் பேஸ்பால் ஆடினாள். மூன்றே மேட்ச். ‘அவளை எடுக்காவிட்டால் உங்கள் அங்கீகாரம் காலி’ என்று தலைமையகத்திலிருந்து மிரட்டல் வந்தது. எடுத்துவிட்டார்கள். பெண்கள் அமைப்பு ஒன்று வழக்குக்குப் போய் ஜெயித்தது. 1974ல் லிட்டில் லீக் தன் கதவைப் பெண்களுக்குத் திறந்தது. மரியாவுக்கு அதற்குள் அந்த விளையாட்டுக்கான வயதே தாண்டிப்போயிருந்தது.

வேடிக்கை இனிமேல்தான். கதவைத் திறந்த அதே வருடம், பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக லிட்டில் லீக் சாஃப்ட்பாலும் ஆரம்பித்துவிட்டார்கள். ‘வாம்மா, தாராளமா வா. ஆனா உன் இடம் அந்தப் பக்கம்.’ எப்படி இருக்கிறது?

ஜூலி அந்தப் பக்கம் போக மாட்டேன் என்று அடம்பிடித்த பெண். வர்ஜீனியாவில் வளர்ந்தவர். சின்ன வயசிலிருந்து பேஸ்பால்தான். ஹைஸ்கூல் கடைசி வருடம் பள்ளியின் முதன்மை அணியில் இடமில்லை என்று கழற்றிவிட்டார்கள். வீட்டார் துணையோடு கோர்ட்டுக்குப் போனார். 1988. வயது 17. தோற்றார். நியாயமாகத்தான் தேர்வு வைத்தார்கள், அணியில் இடம் வேண்டும் என்பது யாருக்கும் உரிமை கிடையாது என்று முடித்துவிட்டது ஃபெடரல் கோர்ட்.

பள்ளி டீமிலேயே இடமில்லை என்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? பேசாமல் பி.காம். சேர்ந்திருப்போம். நான் அதைத்தான் செய்தேன். ஜூலி மேரிலாண்டில் செயின்ட் மேரீஸ் கல்லூரியில் சேர்ந்தார். மூன்றாவது டிவிஷன், சின்னக் கல்லூரி. 1989 மார்ச் 17 அன்று முதல் பேஸில் கிளவ் மாட்டிக்கொண்டு நின்றார். கல்லூரி ஆண்கள் பேஸ்பாலில் ஆடிய முதல் பெண் என்று பத்திரிகைகள் எழுதின. கூப்பர்ஸ்டவுனில் இருக்கிற பேஸ்பால் புகழ்க்கூடத்துக்கு அவர் கிளவ் போய்ச் சேர்ந்தது.

கிளவ்வுக்குக் கிடைத்த மரியாதை ஆளுக்குக் கிடைக்கவில்லை. கூட ஆடிய பையன்களின் ஆபாசப் பேச்சையும் இளக்காரத்தையும் சகித்துக்கொண்டு மூன்று சீசன் ஓட்டினார். 1991ல் போதும் என்று விலகிவிட்டார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. முடியவில்லை. 1992ல் வெளியான ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ படத்தில் பேஸ்பால் ஆடுகிற பெண்களில் ஒருவராக அவருக்கு வேலை கிடைத்தது. டாம் ஹாங்ஸ், மடோனா நடித்த படம். 1943லிருந்து 1954 வரை நிஜமாகவே நடந்த பெண்கள் புரொஃபஷனல் லீக்கின் கதை. அந்த லீக்கில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆடியவர்கள் பெண்கள். அணியை நடத்திய மேனேஜர்கள் பெரும்பாலும் ஆண்கள், ரிட்டையர் ஆன ஆட்டக்காரர்கள். பெண் ஆடலாம், சொல்லிக்கொடுக்கிற இடம் மட்டும் ஆணுக்கு.

இந்த இரண்டாவது பூட்டைத்தான் ஜூலி திறந்தார். 1993ல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் வெஸ்டர்ன் நியூ இங்கிலாண்ட் கல்லூரியின் ஆண்கள் அணிக்கு அசிஸ்டென்ட் கோச்.

1994ல் மறுபடி ஆட்டக்காரி. கூர்ஸ் பீர் கம்பெனி பணம் போட்ட ‘கொலராடோ சில்வர் புல்லட்ஸ்’ என்கிற பெண்கள் அணி, ஆண்கள் அணிகளோடு மோதியது. முதல் சீசனில் 6 வெற்றி, 38 தோல்வி. அதே வருடக் குளிர்காலத்தில் ஹவாயில் மாவி ஸ்டிங்ரேஸ் என்கிற ஆண்கள் அணியில் ஆடினார். பிறகு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் அணியில் அசிஸ்டென்ட் கோச். பகுதிநேர வேலைதான். ஆனால் இது முதல் டிவிஷன். அந்த உயரத்தில் ஆண்கள் பேஸ்பால் அணிக்குப் பயிற்சி தந்த முதல் பெண் அவரே. 1995, 1996 இரண்டு வருடமும் அங்கே.

சரி, ஒரு பெண் நுழைந்தாயிற்று. பின்னாலேயே பத்துப் பேர் வந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நான் படித்த கணக்குப் பாடத்தில் இந்த வருட க்ளோசிங் பேலன்ஸ்தான் அடுத்த வருட ஓப்பனிங் பேலன்ஸ். சரித்திரத்தில் அந்த விதி செல்லாது போலிருக்கிறது. ஜூலி போட்ட வரவு முன்பக்கத்திலேயே நின்றுவிட்டது. அடுத்து வந்த பெண் மறுபடி பூஜ்யத்திலிருந்து எழுத வேண்டியிருந்தது.

அந்தப் பெண் ஜஸ்டீன் சீகல். 16 வயதில், கல்லூரி பேஸ்பால் கோச் ஆகப்போகிறேன் என்று தன் கோச்சிடம் சொன்னார். அவர் சிரித்துவிட்டார். மைதானத்தில் ஒரு பொம்பளை சொல்வதை எந்த ஆம்பளையும் கேட்க மாட்டான் என்றார். ஜஸ்டீன் விளையாட்டு மனோதத்துவத்தில் டாக்டர் பட்டமே வாங்கினார். 2008லிருந்து 2010 வரை ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் அசிஸ்டென்ட் கோச். ஆமாம், ஜூலி ஆரம்பித்த அதே ஸ்பிரிங்ஃபீல்ட் நகரம்தான்! 2011 பிப்ரவரியில் கிளீவ்லாண்ட் அணிக்கு பேட்டிங் பிராக்டிஸில் பந்து வீசினார். 2015ல் ஓக்லண்ட் அணி அவரைச் சில வாரங்களுக்கு இளம் வீரர்களின் கோச்சாக வைத்துக்கொண்டது. மேஜர் லீக் கிளப் ஒன்று வேலைக்கு எடுத்த முதல் பெண் கோச் அவர்.

2022 ஏப்ரல் 12. சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் மேட்ச். முதல் பேஸ் கோச்சை அம்பயர் வெளியே அனுப்பிவிட்டார். அசிஸ்டென்ட் கோச் அலிஸா நாக்கன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அந்த இடத்தில் போய் நின்றார். மேஜர் லீக் மேட்சில் ஒரு பெண் கோச் மைதானத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. எதிரணி வீரர் எரிக் ஹாஸ்மர் வந்து கை கொடுத்தார். அந்த ஹெல்மெட்டும் கூப்பர்ஸ்டவுன் போயிற்று. ஜூலியின் கிளவ் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த ஊர்.

ஜூலி என்ன ஆனார்? 2006ல் தைவானில் நடந்த பெண்கள் பேஸ்பால் உலகக் கோப்பையில் அமெரிக்க அணிக்கு அவர் மேனேஜர். தங்கம். ஒருவழியாக முதல் நாற்காலி.

கடைசியாக ஒரு தேதி. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஒலிவியா பிச்சார்டோ, முதல் டிவிஷன் பேஸ்பாலில் ஆடிய முதல் பெண்ணாகக் களமிறங்கிய நாள் 2023 மார்ச் 17. ஜூலி முதன்முதலாக கிளவ் மாட்டிக்கொண்டு நின்ற அதே மார்ச் 17. மூன்றாவது டிவிஷனில் இருந்து முதல் டிவிஷனுக்கு ஒரு பெண் வந்து சேர சரியாக 34 வருடங்கள்.

90 அடி தூரத்தை நல்ல ஓட்டக்காரர் நாலைந்து வினாடியில் கடந்துவிடுவார்.