போதைப்பொருள் குற்றமும் படைவிடுவிப்பின் தகுதியும்: அமெரிக்க மறுஆய்வு முறை குறித்த ஒரு விசாரணை

அமெரிக்க ஆயுதப் படைகளின் பணியிலிருந்து விலகுபவருக்கு டிடி 214 என்னும் விடுவிப்புச் சான்று வழங்கப்படுகிறது. பணிபுரிந்த காலம், பெற்ற பயிற்சி, பதக்கங்கள் ஆகியவற்றோடு, அவர் எத்தகைய மதிப்புடன் வெளியே அனுப்பப்பட்டார் என்பதும் அச்சான்றில் ஒரு வரியாக இடம்பெறுகிறது. அந்த ஒரு வரியே பின்னாளில் மருத்துவம், கல்வி உதவி, வேலை, அரசுக் கல்லறையில் இடம் ஆகியவை அவருக்குக் கிடைக்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காக மதிப்புக் குறைந்த விடுவிப்பைப் பெற்றவர்கள் அதனை உயர்த்தித் தருமாறு விண்ணப்பிக்கும்போது, விண்ணப்பதாரர் திருந்திவிட்டாரா, இரக்கத்துக்கு உரியவரா என்ற கேள்விகளே முன்னிற்கின்றன. விண்ணப்பம் மன்னிப்புக் கோரிக்கையாகிவிடுகிறது. இந்த அணுகுமுறை அடிப்படையிலேயே பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். சொந்தப் பயன்பாடு ஒன்றுக்காக மட்டும் வழங்கப்பட்ட விடுவிப்புகளின் தகுதி, செயலின் தன்மையைவிட அது நடந்த ஆண்டையும் அவ்வாண்டில் நடப்பிலிருந்த கொள்கையையுமே சார்ந்து வந்திருக்கிறது. ஆகவே அதைச் சீர்செய்வதைக் கருணையாக எண்ணுவதைவிட, சமநீதி அரசின்மேல் சுமத்தும் கடமையாகக் கொள்வதே பொருந்தும்.

விடுவிப்பின் வகைகளை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நிர்வாக நடவடிக்கையாக வழங்கப்படுபவை மூன்று: நன்மதிப்பு விடுவிப்பு, அதற்கு ஒரு படி கீழான, ‘நன்மதிப்பான சூழலில்’ என்ற குறிப்புடைய பொது விடுவிப்பு, அதற்கும் கீழான, நன்மதிப்புக்குப் புறம்பான சூழலில் அமைந்த விடுவிப்பு. தீநடத்தை விடுவிப்பும் இழிவு விடுவிப்பும் ராணுவ நீதிமன்றம் தண்டனையாக விதிப்பவை. போதைப்பொருள் பயன்படுத்தியோரில் பலர் நீதிமன்றத்தைக் காணாமலேயே நிர்வாக வழியில் அனுப்பப்படுகின்றனர்; இவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை என்பது மறக்கத்தகாதது. பொது விடுவிப்பு பெற்றவர் 2001 செப்டம்பர் 11-க்குப் பிந்தைய பணிக்கான கல்வி உதவித் திட்டத்தை இழக்கிறார். அதற்கும் கீழான தகுதி பெற்றவர், முன்னாள் படைவீரர் நலத்துறை தம் விடுவிப்பு ‘இழிவானதன்று’ என்று தனியாக முடிவு செய்யும்வரை, பெரும்பாலான நலன்களின் வாசலிலேயே நிற்க நேர்கிறது.

இந்தத் தகுதியை மாற்றும் அதிகாரம் இருவகை வாரியங்களிடம் உள்ளது. 1944-ஆம் ஆண்டின் படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் உருவாக்கிய விடுவிப்பு மறுஆய்வு வாரியம், விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் வரும் விண்ணப்பங்களை ஏற்று, விடுவிப்பு முறைப்படி நடந்ததா, நியாயமானதா என்ற இரண்டை மட்டும் ஆராய்கிறது. பொது ராணுவ நீதிமன்றம் விதித்த தண்டனை அதன் வரம்புக்குள் வராது. 1946-இல் நாடாளுமன்றம் ஏற்படுத்திய படைப்பதிவுத் திருத்த வாரியம் சிவில் அலுவலர்களைக் கொண்டது. பிழையோ அநீதியோ தெரியவந்த மூன்றாண்டுகளுக்குள் அதனிடம் முறையிட வேண்டும் என்றாலும், நீதியின் பொருட்டு அந்தக் கெடுவைத் தளர்த்த அதற்கு அதிகாரம் உண்டு. ஆறு மாதம் கழிந்தால் தகுதி தானாகவே உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கை படைமுகாம்களில் நெடுங்காலமாக உலவுகிறது. அது முற்றிலும் தவறு என்பதையும், அதை நம்பியவர்கள் ஆண்டுகளை வீணே இழந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரு வாரியங்களின் முன்பும், அரசு எடுத்த நடவடிக்கை முறையானதே என்ற முற்கோளே தொடக்கப் புள்ளி. அதை உடைக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரின் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது.

சிக்கலின் வேர் வியட்நாம் போரில் இருக்கிறது. 1970 முதல் அங்கே தூய்மை மிகுந்த ஹெராயின் மலிவாகக் கிடைத்தது. 1971 மே மாதம் ராபர்ட் ஸ்டீல், மார்கன் மர்ஃபி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இருவர், வியட்நாமிலுள்ள அமெரிக்கப் படையினரில் 10 முதல் 15 விழுக்காட்டினர் அதற்கு அடிமையாகியிருக்கலாம் என்று மதிப்பிட்டு அறிக்கை அளித்தனர். அடுத்த மாதமே அதிபர் நிக்சன் போதைப் பழக்கத்தை நாட்டின் முதல் எதிரியாக அறிவித்து, ஜெரோம் ஜாஃபி என்ற மருத்துவரின் தலைமையில் தனி அலுவலகம் ஒன்றை அமைத்தார். தாயகம் திரும்பும் வீரர்கள் சிறுநீர்ப் பரிசோதனையில் தேறிய பின்னரே விமானம் ஏறலாம் என்ற நடைமுறையும் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 13-இல் பாதுகாப்புச் செயலர் மெல்வின் லெயர்டு பிறப்பித்த குறிப்பாணை, சொந்தப் பயன்பாட்டுக்காகவோ அதன்பொருட்டு வைத்திருந்ததற்காகவோ மட்டும் நன்மதிப்புக்குப் புறம்பாக விடுவிக்கப்பட்டவர்களின் தகுதியை உயர்த்த மறுஆய்வு செய்யுமாறு பணித்தது. 1972 ஏப்ரலில் அது ராணுவ நீதிமன்றம் விதித்த விடுவிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

இந்தக் குறிப்பாணையின் உட்பொருள் பிற்கால விவாதங்களில் உரிய கவனம் பெறவில்லை. ஒருவர் திருந்தினாரா என்று அது கேட்கவில்லை. சொந்தப் பயன்பாடு மட்டுமே காரணமாயின் அந்தத் தகுதிக் குறைப்பு மிகை என்பதை ஒரு வகையினர் அனைவருக்குமாகச் சேர்த்து அது ஒப்புக்கொண்டது. ஆனால் 1971 ஜூலை 7-ஆம் தேதிவரை முடிந்த அல்லது தொடங்கிய நடவடிக்கைகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று எல்லை வகுக்கப்பட்டதால், அதே இடத்தில், அதே பொருளை, சில வாரங்கள் கழித்துப் பயன்படுத்திப் பிடிபட்டவருக்கு அக்கதவு திறக்கவில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் லீ ராபின்ஸ், 1971 செப்டம்பரில் வியட்நாமிலிருந்து திரும்பியவர்களிடம் நடத்திய ஆய்வு இவ்விடத்தில் மிகுந்த பொருத்தமுடையது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அங்கே ஹெராயினையோ அபினையோ ஒருமுறையேனும் பயன்படுத்தியிருந்தனர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். எனினும் அவ்வாறு அடிமையானவர்களில் தாயகம் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் சுமார் 5 விழுக்காட்டினரே. போதைப் பழக்கம் ஒருவரது குணத்தில் ஊறிய குறை என்ற கருத்தை இந்த முடிவு அசைத்தது. போர்க்களமும் சலிப்பும் அச்சமும் மலிவான சரக்கும் சேர்ந்து உருவாக்கிய பழக்கம், அச்சூழல் நீங்கியதும் பெரும்பாலோரிடம் நீங்கியது. சூழல் அழிந்தது, பழக்கமும் பெரும்பாலும் அழிந்தது, சான்றிலுள்ள வரி மட்டும் ஆயுள் முழுவதும் நிலைத்தது. ஒரு நிலையற்ற நடத்தைக்கு நிலையான முத்திரை குத்தியது அறிவுக்கோ அறத்துக்கோ பொருந்துவதாகச் சொல்ல முடியாது. அக்காலத்தில் நன்மதிப்பு விடுவிப்பு பெற்றோரின் விகிதம் கறுப்பின வீரரிடையே வெள்ளையரைவிடக் குறைவாக இருந்ததைப் பாதுகாப்புத் துறையே அமைத்த குழு 1972-இல் பதிவு செய்தது. முத்திரையின் சுமை அனைவர்மீதும் ஒரே அளவில் விழவில்லை என்பதற்கு அது போதிய சான்று.

நீதிமன்றங்களும் ஒரே திசையில் நிற்கவில்லை. மதிப்புக் குறைந்த விடுவிப்புக்கு வழிகோலக்கூடிய நிலையில் சிறுநீர் மாதிரி தருமாறு கட்டளையிடுவது, தனக்கு எதிராகத் தானே சாட்சியம் அளிக்கக் கட்டாயப்படுத்தலாகாது என்ற பாதுகாப்புக்கு முரணானது என்று 1974-இல் ரூயிஸ் வழக்கில் ராணுவ மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் வழியில் 1980-இல் ஜைல்ஸ் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்டாயச் சிறுநீர்ப் பரிசோதனையிலிருந்து நேராகவோ மறைமுகமாகவோ பெறப்பட்ட சான்றைக் கொண்டு நிர்வாக முறையில் அனுப்பப்பட்ட தரைப்படையினரின் கூட்டு வழக்கில் அவர்கள் பக்கம் நின்றது. அதன் பயனாக அவர்கள் நன்மதிப்பு விடுவிப்புக்கே உரியவராயினர். இரக்கம் கேட்டு நிற்காமல் உரிமையாகவே பெறப்பட்ட தகுதியுயர்வு அது.

அலை அடுத்த ஆண்டே திரும்பியது. 1981 மே 26 இரவு, ஃபுளோரிடாவுக்கு அப்பால் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் பிரௌலர் விமானம் ஒன்று மோதி 14 பேர் மாண்டனர். இறந்த தளப் பணியாளர் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் காணப்பட்டது; விமானியின் உடலில் சளி மருந்து அளவுக்கு மிஞ்சி இருந்ததும் பின்னர் வெளிவந்தது. விபத்துக்குக் கஞ்சாதான் காரணம் என்று நிறுவப்படாத நிலையிலும், கடற்படை அவ்வாண்டு இறுதியில் எள்ளளவும் பொறுக்காத கொள்கையை மேற்கொண்டது. சிறுநீர்ப் பரிசோதனை முடிவை ஒழுங்கு நடவடிக்கைக்குச் சான்றாகக் கொள்ளப் பாதுகாப்புத் துறை 1981 டிசம்பரில் அனுமதித்தது. ராணுவ நீதிமன்றங்களும் ரூயிஸ் தீர்ப்பின் அடிப்படையைக் கைவிட்டன. 1983-இல் போதைப்பொருள் குற்றத்துக்கெனத் தனிப் பிரிவாக 112ஏ ராணுவ நீதிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1971-இல் தகுதியுயர்வுக்கும் 1974-இல் சட்டப் பாதுகாப்புக்கும் உரியதாக இருந்த அதே நடத்தை, பத்தாண்டுக்குள் உடனடி வெளியேற்றத்துக்கு உரியதாயிற்று.

அண்மைக் காலத்தில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் குறித்த அறிவு வளர்ந்ததால் ஒரு புதிய வழி திறந்தது. வியட்நாம் போர் வீரர்கள் தொடுத்த கூட்டு வழக்கின் அழுத்தத்தில், 2014 செப்டம்பர் 3-இல் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல், அந்நோயோடு தொடர்புடைய விண்ணப்பங்களைத் தாராள மனத்துடன் பரிசீலிக்குமாறு திருத்த வாரியங்களைப் பணித்தார். 2017 ஆகஸ்டில் வெளியான கர்ட்டா குறிப்பாணை அதை மூளைக்காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கும் விரித்து நான்கு கேள்விகளை வகுத்தது: நடத்தையை விளக்கவல்ல நோயோ அனுபவமோ இருந்ததா; அது பணிக்காலத்தில் நேர்ந்ததா; அது நடத்தையை உண்மையில் மன்னிக்கவோ தணிக்கவோ செய்கிறதா; விடுவிப்புக்கான காரணத்தைவிட அது கனமானதா. நோயின் வேதனையைத் தானே தணித்துக்கொள்ளப் போதையை நாடுவது பரிசீலனைக்கு உரியது என்றும், பல மாநிலங்களில் கஞ்சா சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்ட இக்காலத்தில் பழைய கஞ்சாக் குற்றத்தின் கடுமை குறைவாகக் கருதப்படலாம் என்றும் அது வெளிப்படையாகவே கூறியது. இதன் தேவையை அரசின் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டில் எண்களால் காட்டியது: 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் நடத்தைக் குற்றத்துக்காக அனுப்பப்பட்ட 91,764 பேரில் 62 விழுக்காட்டினர், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் மனநோயோ மூளைக்காயமோ போதைப் பழக்கம் சார்ந்த நோயோ உள்ளவர்களாகக் கண்டறியப்பட்டிருந்தனர்.

இந்த முன்னேற்றம் மெய்யானது. ஆனாலும் போதைப்பொருள் வழக்குகளில் அது ஓர் இக்கட்டை உண்டாக்கியிருக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்திப் பிடிபட்டவரிடம், அது நோயைத் தணிக்கச் செய்ததென்பதற்குச் சான்று கேட்கப்படுகிறது; நோய் கண்டறியப்படும் முன்பே அவர் வெளியேற்றப்பட்டுவிட்டதால் அச்சான்று அவரிடம் இருப்பதில்லை. பலமுறை பயன்படுத்தியவரிடம் சான்று இருக்கலாம். ஆனால் நான்காவது கேள்வியில், தொடர்ந்து நடந்த குற்றத்தின் எடை நோயைவிடக் கூடுதல் என்று வாரியம் சொல்லிவிட இடமிருக்கிறது. அந்த எடையை அளக்கும் அளவுகோல் எதுவும் குறிப்பாணையில் வகுக்கப்படவில்லை. மூன்றாவதாக ஒருவர் உண்டு: எந்த நோயும் இல்லாமல், 19 அல்லது 20 வயதில் விடுமுறை நாளொன்றில் கஞ்சா புகைத்தவர். அவருக்கு எஞ்சியிருப்பது, 2018 ஜூலையில் வில்கி குறிப்பாணை வகுத்த பொதுவான கருணைப் பரிசீலனை மட்டுமே. நன்மதிப்பு விடுவிப்புக்குக் குறையே இல்லாத பணி தேவையில்லை என்று அந்தக் குறிப்பாணை சொன்னது வரவேற்கத்தக்கது. எனினும் நோயாளியாகத் தம்மை நிறுவிக்கொள்ள முடியாதவர், நல்லவராகத் தம்மை நிறுவிக்கொள்ளும் நிலைக்கே மீண்டும் தள்ளப்படுகிறார்.

இதற்கு எதிராக எழுப்பப்படும் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வெடிமருந்தையும் விமானத்தையும் கையாளும் இடத்தில் போதை உயிரைப் பறிக்கும். கட்டுப்பாட்டோடு பணியாற்றியவரும் கட்டுப்பாட்டை மீறியவரும் ஒரே சான்றைப் பெறுவது முன்னவருக்கு இழைக்கும் அநீதி என்று படைத்துறையினர் கூறுகின்றனர். ஆனால் படையின் பாதுகாப்பு, போதையில் பணிசெய்தவர் வெளியேற்றப்பட்ட அன்றே நிறைவேறிவிடுகிறது. அதன் பிறகு 40 ஆண்டுகள் கழித்து அவருக்கு மருத்துவமனை வாசல் அடைக்கப்படுவதால் எந்தக் கப்பல் தளமும் கூடுதலாகக் காக்கப்படுவதில்லை. அச்சுறுத்தலுக்காகவே இந்தக் கடுமை வேண்டும் என்பாரும் உளர்; வெளியேற்றத்துக்கே அஞ்சாத இளைஞர் சான்றிலுள்ள ஒரு வரிக்கு அஞ்சுவார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாதது. மேலும், தாமாக முன்வந்து சிகிச்சை நாடிய வீரரின் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்துவதைப் படைவிதிகளே கட்டுப்படுத்துகின்றன. கேட்டவருக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, கேட்கத் துணியாதவருக்கு இல்லை. இருவரும் செய்த செயல் ஒன்றே.

விடுவிப்பு மறுஆய்வு விதிகளிலேயே இதற்கான அடிப்படை இருக்கிறது. ஒருவர் விடுவிக்கப்பட்ட காலத்தின் கொள்கை இன்றைய கொள்கையிலிருந்து பெரிதும் வேறுபட்டு, இன்றைய கொள்கை உரிமைகளைக் கணிசமாக மேம்படுத்தியிருந்து, இன்று அதே தகுதி வழங்கப்பட்டிருக்குமா என்பது ஐயத்துக்குரியதாக இருந்தால், பழைய விடுவிப்பு நியாயமற்றது என்று வாரியம் முடிவு செய்யலாம். ஆனால் இவ்விதி, பின்னாளில் வந்த கொள்கை முன்னதைவிட மென்மையானதாக இருந்தால் மட்டுமே பயன்படும். போதைப்பொருள் கொள்கையோ மென்மைக்கும் கடுமைக்கும் இடையே பலமுறை ஊசலாடியது. 1971-இன் பரிவையும் 1974-இன் பாதுகாப்பையும் தவறவிட்டு, 1982-இன் கடுமையில் அகப்பட்டவருக்கு இவ்விதியால் பயன் எதுவுமில்லை. கொள்கை எத்திசையில் மாறினாலும், ஒரே நடத்தைக்கு அரசு வெவ்வேறு காலங்களில் வழங்கிய தகுதிகளுள் மிக மென்மையானதை அளவுகோலாகக் கொள்ளுமாறு விதி திருத்தப்பட வேண்டும்.

இத்திருத்தம் சொந்தப் பயன்பாட்டோடு நிற்க வேண்டும். விற்றவர், சக வீரருக்கு வழங்கியவர், பணி நேரத்தில் போதையிலிருந்து பிறர் உயிருக்கு ஊறு விளைவித்தவர் ஆகியோரின் வழக்குகளைத் தனித்தனியே ஆராயும் இன்றைய முறை தொடரலாம். வரம்புக்குள் வருவோரிடம் விண்ணப்பத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதும் தேவையற்றது. வியட்நாம் காலத்தவர் எழுபது வயதைக் கடந்துவிட்டனர். 15 ஆண்டுக் கெடு அவர்களுக்கு எப்போதோ முடிந்துபோனது. வழக்கறிஞரோ பழைய மருத்துவக் குறிப்போ இல்லாதவர்கள் விண்ணப்பிப்பதே அரிது. விடுவிப்பின் காரணத்தைக் காட்டும் குறியீடு ஒவ்வொருவரின் பணிப்பதிவிலும் உள்ளது, அப்பதிவுகள் அரசின் கையில் உள்ளன. போதைப்பொருள் சொந்தப் பயன்பாட்டைக் குறிக்கும் பதிவுகளைப் பிரித்தெடுத்து, 1971-இல் லெயர்டு செய்ததுபோல அவ்வகை முழுமைக்கும் ஒரே முடிவை வழங்கவும், இறந்துபோனவர்களின் துணைவருக்கும் வாரிசுகளுக்கும் திருத்திய சான்றை அனுப்பவும் பாதுகாப்புச் செயலரின் ஒரு குறிப்பாணை போதும்.